வாப்பா கேட்ட கீரை

கொழும்பில் கடை வைத்திருந்த என் வாப்பா வழக்கமாக நோன்புப் பெருநாளை ஒட்டித்தான் ஊருக்கு வருவார். அந்த வருஷம் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தபோது சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். நின்றார் என்றுகூடச் சொல்ல முடியாது. தனுஷ்கோடியில் கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து, கூட வந்த ஒருவர்தான் அவரைத் தாங்கிப் பிடித்துத் திருப்பாலைக்குடி வரை கொண்டுவந்து சேர்த்தார். கண்ணின் வெள்ளை முழுவதும் மஞ்சளாக இருந்தது.

மஞ்சள் காமாலை என்றாலே எங்கள் தெருவில் எல்லோருக்கும் பயம். முந்தின வருஷம்தான் பக்கத்துத் தெருக்காரர் ஒருவரை அது கொண்டுபோயிருந்தது. நகக்கண்ணில் மஞ்சள் ஏறிவிட்டால் ஆள் தப்பாது என்று, குர்ஆன் ஓதப் போன இடத்தில் ஒருத்தி என்னிடம் சொல்லி வைத்தாள். அதற்குப் பிறகு காலையில் எழுந்ததும் தூங்கும் வாப்பாவின் கையை மெல்லத் தூக்கி நகத்தைப் பார்ப்பேன். மூட்டமான நாளில் எல்லா நகமும் மஞ்சளாகத்தான் தெரியும். என் நகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். அதுவும் மஞ்சளாகத் தெரிய, பயம் இரண்டு மடங்காகும்.

வைத்தியம் பார்க்க வந்த ஹக்கீம் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுக்கச் சொன்னார். மீன், இறைச்சி, எண்ணெய், மிளகாய் எதுவும் கூடாது. மழைக்குத் தழைத்த கீரையும் பிஞ்சுக் காயுமாகப் பார்த்துக் கொடுங்கள், வயிற்றில் சோறு தங்கினால் பிழைத்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உம்மா திகைத்துப் போனாள். மீன் இல்லாமல் அவளுக்கு ஒரு நேரச் சமையல் ஓடியதில்லை.

மேற்கே கிராமங்களிலிருந்து கூடை சுமந்து வரும் அம்மாவிடம் பண்ணைக்கீரையும் சுரைக்காயும் வாங்கினாள். சுரைக்காயைப் பாசிப்பருப்போடு வேகவைத்தாள். கீரையைக் கடைந்தாள். முருங்கைக்கீரையில் சாறு வைத்தாள். வாப்பா இரண்டு வாய் தின்பார், தட்டைத் தள்ளுவார், பிறகு குமட்டலும் வாந்தியும்தான். உம்மா தட்டைக் கழுவிவிட்டு மறுபடி அடுப்பை மூட்டுவாள். நான் மூலையில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த ஓதல்களையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருப்பேன்.

ஒரு மத்தியானம் வாப்பா தாமாகவே வாய் திறந்து கேட்டார்.

"கீரையை இப்பிடிக் கொழைய வேகவைக்காதே. வல்லாரையைப் பறிச்சுப் பச்சையாப் பொடிசா அரிஞ்சு, தேங்காப்பூவும் சின்ன வெங்காயமும் போட்டு, சட்டியில ஒரு பொரட்டுப் பொரட்டி இறக்கிறணும். எலுமிச்சம்பழம் பிழியணும். அங்கன அப்பிடித்தான் ஆக்குவாக."

வந்ததிலிருந்து அவர் எதையும் வேண்டும் என்று கேட்டதே இல்லை. ஊருணிக் கரையில் மழைக்குப் படர்ந்து கிடந்த வல்லாரையை மடி நிறையப் பறித்துக்கொண்டு ஓடிவந்தேன். உம்மா அரிவாள்மணையில் உட்கார்ந்து அரியத் தொடங்கினாள். படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்கே வந்துவிட்டார். அந்த வாசலில் அவரை நான் அதுவரை கண்டதில்லை. தண்ணீர் கேட்டால்கூடக் கூடத்திலிருந்துதான் கேட்பார்.

உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கீரையைச் சேர்த்து இறுக்கிச் சுருட்டு மாதிரி உருட்டி, கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு, எப்படித் தள்ளித் தள்ளி அரிய வேண்டும் என்று கையால் செய்து காட்டினார். நூல் நூலாக விழ வேண்டுமாம். உம்மா கீரையைப் பார்க்கவில்லை, அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதேபோல அரிந்தாள். விரலில் வெட்டுப்பட்டது, துணியைச் சுற்றிக்கொண்டு மீதியையும் அரிந்து முடித்தாள்.

அன்று அவர் சாப்பிடும்போது நாங்கள் இரண்டு பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். வாந்தி எடுக்கும் சட்டி பக்கத்தில் தயாராக இருந்தது. முழுத் தட்டும் காலியானது. சாய்ந்து கண்ணை மூடினார். சட்டிக்கு வேலை வரவில்லை. வெகு நேரம் கழித்து அவர் குறட்டை விட்டபோதுதான் நான் எழுந்தேன். உம்மா அடுப்படியில், மிச்சமிருந்த கீரையில் கொஞ்சம் வாயில் போட்டு மெதுவாக மென்றுகொண்டிருந்தாள்.

நல்லா இருக்கா என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். அதை ஏன் அவ்வளவு வருத்தமாகச் சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை.

அதற்கப்புறம் தினமும் வல்லாரைதான். சில நாள் காலையில் இலையை இடித்துச் சாறெடுத்துக் கஞ்சியில் விட்டுக் கொடுத்தாள்; அதுவும் அவர் சொல்லிக் கொடுத்ததே. உம்மா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்வாள். எந்த அரிசி, எவ்வளவு உப்பு, தேங்காய்ப் பாலா துருவலா? வாப்பாவும் உற்சாகமாகச் சொல்வார். ஒரு நாள் சாதாரணமாக, "இந்தப் பச்சக் கீரையைச் சின்னப் புள்ளைக திங்குமா?" என்று கேட்டாள்.

"தேங்காப்பூவைக் கூடப் போட்டா ரெண்டும் அள்ளித் திங்கும்" என்றார் வாப்பா. சொல்லிவிட்டுக் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. உம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். நான் அந்த வீட்டின் ஒற்றைப் பிள்ளை. என்னைத் தின்னவைக்கத்தான் இந்த விசாரணை என்று பயந்துபோய் அங்கிருந்து நழுவிவிட்டேன்.

மழை ஓய்ந்து பனி விழத் தொடங்கியபோது வாப்பாவின் கண் வெளுத்துவிட்டது. உடம்பு தேறிக் கொழும்புக்குப் புறப்பட்டார். பஸ் நிற்கும் இடத்தில் நான் உம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு உம்மா சொன்னாள்:

"எண்ணெயும் உறைப்பும் இன்னும் கொஞ்ச காலத்துக்கு ஆகாது. அங்கன ஆக்கிப் போடுறவகிட்ட சொல்லிருங்க. அவளுக்குத் தெரியாம இருக்கும்."

கொழும்புக் கடையில் சமைப்பவர் முறுக்கு மீசை வைத்த ஒரு கிழவர் என்று வாப்பா என்னிடம் கதை கதையாகச் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் எங்களுக்கு ஆண்பால், பெண்பால் நடத்தியிருந்தார்கள். உம்மா இப்படித் தப்பாகச் சொல்கிறாளே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

"உம்மா, அவள் இல்ல, அவர். அது ஆம்பள" என்று திருத்தினேன்.

இரண்டு பேருமே என் பக்கம் திரும்பவில்லை. வாப்பா குனிந்து, கட்டியிருந்த செருப்பு வாரை அவிழ்த்து மறுபடி கட்டினார். படிக்காத உம்மாவை வாப்பா முன்னால் திருத்தியது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பஸ் போன பிறகு, ஆண்களை எப்போதும் 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று, வீடு வரும்வரை அவளுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே வந்தேன்.