சும்மா ஓடுகிறவர்கள்

மெல்பேர்னுக்கு வந்து பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. விடியற்காலையில் சுபஹுத் தொழுதுவிட்டு அறைக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு வெள்ளைக்காரப் பெண், முகம் சிவந்து, மூச்சு வாங்க, தலைதெறிக்க ஓடி வந்தாள். என்னைத் தாண்டியும் ஓடினாள். அவளுக்கு முப்பது யார் தூரம் பின்னால் ஒரு தடித்த மனிதன், அவனும் ஓடி வந்தான். நான் என்ன நினைப்பேன்? கடற்கரை ஊரான சாய்ந்தமருதில் பிறந்து வளர்ந்த எவனும் நினைப்பதைத்தான் நினைத்தேன். நடைபாதையின் குறுக்கே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்று, "ஸ்டொப்! வை யூ சேஸ் லேடி?" என்று கத்தினேன். அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தான், பேச மூச்சில்லை. போனவள் திரும்பி வந்தாள். "கோ, கோ, ஐ ஹோல்ட் ஹிம்" என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் அவளுடைய புருஷனாம். கிரெக் என்று பெயர், அவள் ஹெலன். தினமும் இப்படித்தான் ஓடுவார்களாம். எதற்குப் பயந்து ஓடுகிறீர்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டேன். "கேக்குக்கு" என்று சொல்லி அவன் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினான். அறைக்கு வந்து நெடுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பைத்தியக்கார ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டேனோ என்று பயமாகக்கூட இருந்தது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லி விளக்கத் தேவையில்லை. நம் பக்கத்தில் வளர்ந்த ஆள் யாராவது சும்மா ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? சின்னப் பிள்ளைகள் ஓடும். பந்தடிக்கிற பொடியன்கள் மைதானத்துக்குள் ஓடுவார்கள். மற்றப்படி சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மனிதன் தெருவில் ஓடினால் அங்கே ஒரு சாவு, மௌத்து விழுந்திருக்கும், அல்லது அடுப்பு நெருப்பு கூரையில் ஏறியிருக்கும். ஓடுகிறவனிடம் "என்ன?" என்று கேட்காமல் விடுகிற ஆள் நம் ஊரில் இல்லை. பதில் வராவிட்டால் கேட்டவனும் சேர்ந்து ஓடுவான்.

ஆனால் நாடு மனிதனை மாற்றிவிடுகிறது. நாற்பத்தைந்து வயதில் எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்று டொக்டர் சொன்னார். அதற்குள் கிரெக் எனக்கு நல்ல கூட்டாளி ஆகியிருந்தான். அவன்தான் என்னைப் பிடித்து ஓட வைத்தான். முதல் கிழமை செத்துப் பிழைத்தேன். ஆறாவது மாதத்தில் ஓடாத நாள் விடிந்த நாளாகவே தெரியவில்லை. செம்மஞ்சள் நிறத்தில், இருட்டிலும் கண்ணைக் குத்துகிற சப்பாத்து வாங்கினேன். காதில் பாட்டு, எதிரே ஓடி வருகிறவர்களுக்குக் கையை உயர்த்தி ஒரு ஆட்டு. இங்கே ஓட்டக்காரர்கள் பேசிக்கொள்வதில்லை, அதுதான் ஸலாம். சீனி இறங்கியது, வயிறும் இறங்கியது. என் தலைக்கனம் ஏறியது என்று மனைவி சொன்னாள், அதுவும் பொய்யில்லை.

கிரெக்கோ முழங்கால் வலியென்று ஓட்டத்தை விட்டுச் சைக்கிளுக்கு மாறிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பதினைந்து பேர், தோலோடு ஒட்டிய உடுப்பில், கூட்டமாகக் கிளம்புவார்கள். நாலு பேர் பார்க்க அந்த உடுப்போடு நிற்பதற்கே தனித் தைரியம் வேண்டும். என்னையும் வா வா என்றான். நான் அசையவில்லை. ஓட்டத்துக்கு ஒரு சப்பாத்துப் போதும், சைக்கிள் என்பது சோம்பேறியின் உடற்பயிற்சி என்று அவனோடு மல்லுக்கட்டுவேன். "மிதிப்பதை நிறுத்திப் பார், அது உன்னைக் கொஞ்ச தூரம் சும்மா கொண்டுபோகும். ஓட்டத்தில் உனக்கு அப்படி யாராவது சும்மா தந்திருக்கிறார்களா?" என்று கேட்பான். சும்மா வருவது எனக்குத் தேவையில்லை என்று வீறாப்பாகச் சொல்வேன். உண்மைக் காரணத்தை அவனிடம் சொன்னதில்லை. என் வாப்பா மீன்பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு சாகாமம் பக்கத்து வயல் ஊர்களுக்குப் போய் விற்றவர். ஐஸ் தண்ணீர் பின்சில்லில் ஒழுகி, அந்த நாற்றம் பள்ளிக்கூடம்வரை என்னோடு வரும். அவுஸ்திரேலியாவுக்கு வந்தது மறுபடி சைக்கிள் மிதிக்கவா என்று ஒரு கோபம் எனக்குள் கிடந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தது நான் இங்கே வந்த அடுத்த வருடம். அன்று காலை என் ராத்தா, அதாவது என் ஒரே மூத்த சகோதரி, இடுப்பில் கைக்குழந்தையோடும் கையில் நாலு வயது ஸஹ்ராவோடும் ஒழுங்கை வழியே ஓடியிருக்கிறாள். பெரிய வீதியை எட்டியபோது இடுப்பில் பிள்ளை இருந்தது, கையில் பிள்ளை இல்லை. இவ்வளவும் தொலைபேசியில் மச்சான், ராத்தாவின் புருஷன், சொல்லி எனக்குத் தெரியும். ராத்தா இதைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை, நானும் கேட்டதில்லை. நான் அன்று இங்கே தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அழுதேன், ஆனால் ஓடவில்லை. அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று எனக்கு விளங்க இத்தனை வருடம் எடுத்தது.

போன வருடம் ஊருக்குப் போனேன். கடலுக்குக் கிட்ட, அதே ஒழுங்கையில் திரும்பக் கட்டிய வீட்டில்தான் ராத்தா இருக்கிறாள். வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு பொலித்தீன் பை தொங்கியது. சந்தைப் பையாக்கும் என்று எடுக்கப் போனேன். "அது கிடக்கட்டும், தொடாத" என்றாள். அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாம் அதற்குள்தானாம். ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் அப்படி ஒன்று தொங்குவதாக மச்சான் சொன்னார். சொன்னது என் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை.

இரண்டாம் நாள் சுபஹுக்குப் பிறகு செம்மஞ்சள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தேன். கடல் அமைதியாக இருந்தது, தோணிகள் இறங்கிக்கொண்டிருந்தன. காதில் பாட்டைப் போட்டுக்கொண்டு, மணலிலிருந்து ஒழுங்கைக்குள் ஏறி, பெரிய வீதியை நோக்கி ஓடத் தொடங்கினேன். கடைசித் துண்டை உயிரைக் கொடுத்து ஓடுவது என் பழக்கம். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து நின்று என்னைப் பார்த்து வாயசைத்தார். கேட்கவில்லை, மெல்பேர்ன் பழக்கத்தில் கையை உயர்த்தி ஆட்டினேன். முற்றம் கூட்டிய பெண்ணுக்கும் ஆட்டினேன். தேத்தண்ணிக் கடையில் ரொட்டி தின்றுகொண்டிருந்த நாலைந்து பேருக்கும் ஆட்டினேன். ஊர்ச்சனம் என்னை மறக்கவில்லை, எல்லாரும் எழுந்து நிற்கிறார்களே என்று மனம் குளிர்ந்தது. என்ன மடையன் நான்!

பெரிய வீதியில் நின்று, காதில் இருந்ததைக் கழற்றித் திரும்பினேன். ஒழுங்கை முழுக்கச் சனம். முக்காடு இல்லாமல் பெண்கள். பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு ஒரு மனிதன். வாயில் பற்பசையோடு ஒரு பெண், ஒரு கையில் அந்தப் பொலித்தீன் பை. தாயை முதுகில் சுமந்துகொண்டு ஒருவன். அவர்கள் போட்ட சத்தத்தை என் பாட்டு இவ்வளவு நேரமும் மூடியிருந்திருக்கிறது. "என்ன? என்ன நடந்த?" என்று கத்தினேன். "கடல் வருது! ஓடுங்க, ஓடுங்க!" என்றபடி ஒருவர் என்னைத் தள்ளிக்கொண்டு போனார். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் ஓடினேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையாகவே ஓடினேன். வயல் பக்கம் நூறு யார் ஓடிய பிறகுதான் ராத்தாவின் நினைவு வந்தது. ராத்தாவை விட்டுவிட்டு ஓடுகிறேன் என்று உறைத்தது. திரும்பி, வருகிற சனத்தை இடித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் போனேன். தேத்தண்ணிக் கடைக்காரர் என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். என் சப்பாத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"நீதானே கடல் பக்கமிருந்து ஓடி வந்த? கையக் காட்டி ஓடச் சென்ன?"

"நான் சும்மா ஓடின. தேகப்பயிற்சி."

"சும்மாவா?" அவருக்கு வாய் மூடவில்லை. "சும்மாவா ஓடின? இஞ்ச ஆருடா சும்மா ஓடுற?"

கடற்கரையில் இருந்து வந்தவர்களும் கடல் கடலாகத்தான் கிடக்கிறது என்றார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் யாரும் பயப்பட வேண்டாம் என்று அறிவித்தார்கள். நான் ராத்தாவைத் தேடிக்கொண்டே போனேன். பெரிய வீதிக்கு இருபது யார் தூரம் இருக்கையில், ஒரு மதிலோரம் ராத்தா குந்தியிருந்தாள். வெறுங்கால். உடைந்த ஓடு வெட்டிப் பாதத்தில் இரத்தம். அவள் பிடியில் அடுத்த வீட்டுச் சின்னப் பிள்ளை ஹனா வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அதன் தாய் ஒரு பக்கம் நின்று அழுதாள். மச்சான் குனிந்து ராத்தாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார். "உடு புள்ள, கைய உடு. கடல் வரல்ல. புள்ளைக்கு நோகுது" என்றார். ராத்தா விடவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் யாரென்று தெரிந்துதான் பார்த்தாளோ தெரியாது.

"இந்தமுற நான் உடல்ல," என்றாள். "பாரு, உடல்லதானே?"

யா அல்லாஹ்! பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. அந்தப் பிள்ளையின் மணிக்கட்டில் ராத்தாவின் விரல்கள் பதிந்த சிவப்பு பகல் முழுக்க மறையவில்லை. அந்தத் தாய் ஒரு சொல்லும் ஏசாமல் ராத்தாவின் காலைக் கழுவித் துணி கட்டிவிட்டாள். ஊர் ஏசியது. வீட்டுக்கு வந்து ஏசினார்கள், வீதியில் நிறுத்தி ஏசினார்கள், பள்ளியில் ஸலாம் கொடுத்துவிட்டு ஏசினார்கள். மூன்றாம் நாள் ஏச்சு கேலியானது. நான் கடைக்குப் போனால் "சுனாமி வருது, பிளேன்ரீ ஒண்டு ஊத்து" என்று சத்தம் வைத்தார்கள். எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ராத்தா மட்டும் ஏசவில்லை. சோறு போட்டாள், மீன் துண்டைத் தேடி வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. அவள் ஏசினால் போதும், மற்ற எதுவும் வேண்டாம் என்று எனக்கு இருந்தது.

நாலாம் நாள் காலை வீட்டு வளவில் புஸ் புஸ் என்று ஒரு சத்தம். நொண்டிக்கொண்டு நின்று ராத்தா மச்சானின் கறுப்புச் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குச் சீனி இரிக்கிதானே. ஓடாம இரிக்கேலாதெண்டா இதுல போ," என்றாள். "சைக்கிள்ல போறவனப் பாத்து ஆரும் பயப்படமாட்டாங்க."

போனேன். மறுக்க எனக்கு முகம் இல்லை. அதே ஒழுங்கை, அதே கடை, அதே ஆட்கள். ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. அன்று வலை பிரித்துக்கொண்டிருந்த கரைவலைக்காரர், "எங்க தம்பி, காரைதீவுக்கா?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகவே காரைதீவுக்குப் போனேன். அடுத்த நாள் நிந்தவூர். பிறகொரு நாள், பொழுது ஏறுமுன் கிளம்பி, தம்பிலுவில்வரை. ஓடியபோது நான் பார்த்ததெல்லாம் எனக்கு முன்னால் பத்தடித் தார். சைக்கிளில் ஆள் குந்தியிருக்கிறான், முகம் முகமாக இருக்கிறது, கேட்டால் பதில் சொல்ல மூச்சிருக்கிறது. ஒரு காலைத் தரையில் ஊன்றிக் கதைத்துவிட்டு மறுபடி மிதிக்கலாம். உடற்பயிற்சிக்காக ஓடுகிறவனும் உயிருக்காக ஓடுகிறவனும் பார்வைக்கு ஒரே மாதிரித்தான், அதே சிவந்த முகம், அதே மூச்சு. மெல்பேர்னில் அன்று கிரெக்கை மறித்தபோது எனக்குத் தெரிந்திருந்த இந்த விஷயத்தை நான் எங்கே தொலைத்தேன்? தம்பிலுவிலில் இருந்து திரும்புகையில் மிதிப்பதை நிறுத்திப் பார்த்தேன். முதுகில் காற்று. சைக்கிள் தன்பாட்டில் போனது. வாப்பாவும் பெட்டி காலியாகித் திரும்பும்போது இப்படிக் காலைச் சும்மா வைத்திருந்திருப்பாரா என்று யோசித்தேன். அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

விமானம் ஏறும் நாள் சப்பாத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தேன். யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், இல்லை எறிவார்கள் என்று நினைத்தேன். இங்கே வந்ததும் ஒரு சைக்கிள் வாங்கினேன். கிரெக் என்னை ஏளனம் செய்து தீர்த்துவிட்டு, எது மனதை மாற்றியது என்று கேட்டான். ஊரில் ஓடினேன், சனம் பயந்துவிட்டது என்றேன். "அவ்வளவு அசிங்கமாகவா ஓடினாய்?" என்று சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் இங்கிலீசு இல்லை, தமிழிலும் இருக்கிறதா தெரியவில்லை. காலையில் ஹெலன் தனியாக ஓடி வருவாள், கையை ஆட்டுவாள். என் விரல்கள் தாமாகவே பிரேக்கை அழுத்தும். அவள் வந்த பக்கத்தைத் திரும்பிப் பார்ப்பேன். அந்தப் பக்கம் கடலே இல்லை.

போன வெள்ளிக்கிழமை ராத்தா வீடியோவில் வந்தாள். கால் ஆறிவிட்டது, ஹனா இப்போதும் தன்னிடம்தான் சோறு தின்கிறது என்றாள். கதையோடு கதையாக, அந்தச் சப்பாத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். ஆணியில் பொலித்தீன் பை தொங்கியது. அதற்கு நேர் கீழே என் செம்மஞ்சள் சப்பாத்து, துடைத்துப் பளிச்சென்று, மூக்கு இரண்டும் பெரிய வீதியைப் பார்த்தபடி இருந்தது.

"கொஞ்சம் பெரிசுதான். முன்னுக்குச் சீலத்துண்டு அடைஞ்சி போட்டுப் பாத்தன், கழருதில்ல," என்றாள். "ரெண்டுமுறயும் வெறுங்காலோட ஓடிட்டன். நீ சைக்கிள் ஓடு மனே, இது எனக்கு இரிக்கட்டும்."