சிம்ரனுக்காக மூடிய வாய்

பாரிவாக்கத்தில் நான் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் படிக்கட்டு பெருக்குகிறவர் நாகவல்லி. போன மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளி விண்ணப்பப் படிவத்தோடு வந்து என் கதவைத் தட்டினார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். ஊரில் மனு எழுத என்னைத்தான் தேடி வருவார்கள். அதனால் சந்தோஷமாகவே பேனாவை எடுத்தேன். பெயர் சிம்ரன், தகப்பன் பெயர் துலுக்கானம், வயது மூன்றே முக்கால். 'குழந்தை பேசும் மொழி' என்ற இடம் வந்ததும் அவர் கை படிவத்தின் மேல் வந்து மறைத்தது.

"அத்த மட்டும் உட்டுடு சார்."

"தமிழ்னு போட்டாப் போச்சுக்கா."

"இன்னும் எதுவுமே பேசல சார்."

அன்று படியில் உட்கார்ந்து அவர் சொன்னதும், பிறகு நான் அறிந்ததும்தான் இது.

அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய அண்ணன் தன் மகனை எல்.கே.ஜி. சேர்க்க ஒரு பள்ளிக்குப் போனபோது நாகவல்லியும் துணைக்குப் போயிருந்தார். டீச்சர் ஒரு நாய்ப் படத்தைக் காட்டி என்னவென்று கேட்டார். "நாயி குந்திகினு கீது மிஸ்" என்றான் பையன். மேஜைக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். இடமில்லை என்று மறுநாள் தகவல் வந்தது. நிஜமாகவே இடம் இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பு நாகவல்லியின் காதில் தங்கிவிட்டது.

அன்றே வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டார். குழந்தை முன்னால் யாரும் வாய் திறக்கக் கூடாது. நம் பேச்சு அதன் நாக்கில் ஒட்டக் கூடாது. அப்போது சிம்ரன் 'ம்மா', 'தா' என்று இரண்டு சொல் சொல்வாள். அதன் பிறகு சோறு ஊட்டுவது சைகையில் நடந்தது. குளிப்பாட்டுவதும் மௌனமாகவே. பேச்சுக்கென்று ஒரு செல்போன், அதில் நாள் முழுக்க இங்கிலீஷ் பாட்டு. திருமழிசைத் தொழிற்பேட்டையில் மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய துலுக்கானம், வாசலில் செருப்போடு பேச்சையும் கழற்றி வைக்க வேண்டியிருந்தது.

"இன்னாமே, என் ஊட்லயே நான் வாயில கொழுக்கட்ட வெச்சிகினு கெடக்கணுமா?"

"கெட. உன் பேச்ச கத்துகினு உன்ன மாரியே மிஷினாண்ட நிக்கட்டுமா அது?"



மூன்று வயது தாண்டியும் சொல் கூடவில்லை. இருந்த இரண்டும் போயின. லிஃப்டில் அதே வயதுப் பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போகும்போது நாகவல்லி துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிடுவார். வசம்பு உரைத்து மகளின் நாக்கில் தடவினார். அவள் காறித் துப்பி அழுதாள், அவ்வளவுதான்.

கடைசியில் பூந்தமல்லியில் பேச்சுப் பயிற்சி தரும் சபீனாவிடம் போனார்கள். காதில் குறையில்லை என்று சோதனையில் வந்திருந்தது.

"வீட்டுல பாப்பாகிட்ட யாரும்மா நெறைய பேசுவீங்க?"

"யாரும் பேச மாட்டோம் மேடம்." நாகவல்லி அதைப் பெருமையாகவே சொன்னார். "எங்க பேச்சு வந்துரக் கூடாதுன்னு ரெண்டு வருஷமா வாயே தொறக்கல."

சபீனா எழுதுவதை நிறுத்தினார். "உங்க பேச்சுதான்மா அதுக்கு வேணும். இன்னா, கீது எல்லாம் வரட்டும். மொதல்ல ஏதோ ஒண்ணு வரட்டும்."

"அப்ப நாந்தான் கெடுத்துட்டனா?"

"அது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல முடியாது. வேற ஏதாவதும் இருக்கலாம், பாத்துதான் சொல்லணும். போனை எடுத்துடுங்க. செய்யற வேலைய வாயால சொல்லிக்கிட்டே செய்யுங்க."

பஸ்ஸில் திரும்பும்போது நாகவல்லிக்குத் தான் கேட்ட கேள்வி மட்டும்தான் நினைவிருந்தது.

போனை எடுத்த அன்று சிம்ரன் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். நாகவல்லி நடுவில் தலையணையைப் பிடித்தபடி பேசிப் பார்த்தார். "அரிசி களையறேன்" என்றார். அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. இரண்டு வருஷம் விழுங்கிய பேச்சு கூப்பிட்டவுடன் வரவில்லை.

நான்காம் நாள் வேலை முடிந்து வந்த துலுக்கானம் வாசலிலேயே நின்று ஆரம்பித்தார். "யம்மா சிம்ரனு, உன் நைனா வந்துகீறேன் பாரு. இன்னா துன்ன? அம்மா திட்டிச்சா? எங்க, கையக் காட்டு."

சிம்ரன் நிமிர்ந்து அவர் வாயைப் பார்த்தாள். பிறகு குனிந்து, பாய்க்கு அடியில் போனைத் தேடினாள். நாகவல்லி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். அழும்போதும் சத்தம் வெளியே போகாமல் அவருக்குப் பழகியிருந்தது.

இப்போது சிம்ரனுக்கு நான்கு வயது நான்கு மாதம். பேச்சு வந்த பிறகு படிவத்தைக் கொண்டுவரும்படி பள்ளியில் சொல்லிவிட்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் தாயும் மகளும் பூந்தமல்லிக்குப் பஸ் ஏறுகிறார்கள். 'ம்மா' திரும்பி வந்திருக்கிறது, வேறு சொல் எதுவும் வரவில்லை. படி பெருக்கும்போது நாகவல்லி குழந்தையைக் கூடவே அழைத்து வருகிறார். "தோ பாரு, குப்ப. அம்மா கூட்டறேன்" என்று ஒவ்வொரு படியிலும் சொல்லிக்கொண்டே இறங்குகிறார்.