இசக்கிமணியின் கண்ணாடித் தொட்டி

குற்றாலத்தில் ஐந்தருவி போகிற சாலையில் உள்ள ஒரு லாட்ஜில் பதினாறு வருஷமாக வரவேற்பு மேஜையில் இருப்பவர் இசக்கிமணி. வீடு தென்காசியில். சாரல் மாதங்களில் ரூம் இல்லை, ரூம் இல்லை என்று சொல்லியே தொண்டை கட்டிவிடும். சீசன் முடிந்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான். அப்படி ஒரு மாதத்தில்தான் செல்போனில் அந்தத் தொட்டியைப் பார்த்தார். பாதி தண்ணீர், பாதி தரை. அடியில் நீர்ச்செடிகள், மேலே கல்லும் பாசியும் பெரணியும், நடுவில் விரற்கடை அகலத்துக்கு ஓர் அருவி. பலுடேரியம் என்று அதற்குப் பெயர் சொன்னார்கள்.

வளர்ப்பு மீன் கடையில் மேல்மூலை விரிசல் விட்ட நாலடித் தொட்டி ஒன்று கிடந்தது. பாதிக்கு மேல் தண்ணீர் நிற்காது என்றார் கடைக்காரர். பாதி போதும் என்று தூக்கி வந்துவிட்டார். கல்லை அடுக்கி, தேங்காய் நார் திணித்து, சின்ன மோட்டார் வைத்துத் தண்ணீரை மேலே ஏற்றினார். மனைவி தங்கபுஷ்பம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"அருவிக்குப் பக்கத்துலதான் நாள் பூரா இருக்கீய. வீட்டுலயும் அருவியா?"

ஆனால் ஒரு வாரத்தில் அவரும் சாயங்காலம் காப்பியோடு தொட்டிக்கு முன்னால் வந்து உட்கார ஆரம்பித்தார்.

ஆனந்தவள்ளி பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவர். வருஷா வருஷம் ஜூலையில் இரண்டு நாள் அந்த லாட்ஜில்தான் தங்குவார். இசக்கிமணி தன் தொட்டியின் படத்தைக் காட்டியபோது மற்றவர்களைப் போல 'சூப்பர்' என்று சொல்லிவிட்டு நகரவில்லை. எந்தச் செடியின் வேர் தண்ணீரில் இருக்கிறது, எது கரையில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அந்த சந்தோஷத்தில் இசக்கிமணிக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அடுத்த வருஷம் வந்தபோது ஆனந்தவள்ளியே கூப்பிட்டார். "நாளைக்கு லீவு போட முடியுமா? உங்களுக்கு ஒண்ணு காட்டணும்."

செங்கோட்டை தாண்டிப் புளியறை போகும் வழியில் ஒரு தனியார் தோட்டம். காவல்காரர் பலவேசம் கேட்டைத் திறந்துவிட்டார். உள்ளே ஓர் ஓடை. ஓடை நடுவில் யானை படுத்த மாதிரி ஒரு பாறை. பாறையை ஒட்டி ஒரு செடி கொத்துக்கொத்தாக இருந்தது. தண்ணீருக்கு மேலே இலை சின்னதாக, தடிமனாக, அடிப்பக்கம் ஊதா நிறம். அதே செடிக்குத் தண்ணீருக்குள்ளே இலை நீளமாக, நெளிநெளியாக ஆடியது. ஆனந்தவள்ளி சொன்ன நீளமான லத்தீன் பெயர் இசக்கிமணியின் வாயில் நுழையவில்லை.

"பதினோரு வருஷமா வந்து பாக்குதேன். இந்தப் பக்கத்துல நான் வேற எங்கயும் பாக்கல. யார்ட்டயும் சொல்லிராதீங்க. உங்க கண்ணு செடியப் பாக்குற கண்ணுன்னு தோணுச்சு, அதான் கூட்டிட்டு வந்தேன்."

"யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன் மேடம்" என்றார் இசக்கிமணி. அந்த வார்த்தையை அவர் காப்பாற்றினார். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தனியாகப் போனார். கேட் வழியாகப் போகவில்லை. சாலைப் பாலத்துக்கு அடியில் இறங்கி, பலவேசம் சாப்பிடப் போகிற மத்தியான நேரமாகப் பார்த்து, ஓடையிலேயே நடந்தார். மூன்று கொத்து மட்டும் எடுப்பதாகத்தான் நினைத்திருந்தார். கிழங்கு பாறையை இறுகப் பிடித்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார்.

தொட்டியில் தண்ணீருக்குள் கட்டி வைத்தார். பத்து நாளில் இலை கண்ணாடி மாதிரி ஆகி, கூழாகக் கரைந்தது. செத்துப்போச்சு என்று தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி போனார். அதுவும் கரைந்தது. மறுபடி போனார். போகிறபோதெல்லாம், இந்தத் தடவை பிழைக்க வைத்துவிட்டால் மேடமே மெச்சிக்கொள்வார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மார்கழிக்குள் பாறை மொட்டையாகிவிட்டது. கடைசியாகக் கொண்டுவந்ததில் ஏழு கொத்தைத் தண்ணீருக்கு மேலே, அருவி தெறிக்கிற இடத்தில் செருகினார். அவை மட்டும் நின்றன.

ஜூலையில் ஆனந்தவள்ளி வந்தார். "வாங்க, போய்ப் பாப்போம்" என்றார். லீவு கிடைக்காது என்று இசக்கிமணி ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தனியாகப் போன ஆனந்தவள்ளி மத்தியானம் திரும்பி வந்தபோது சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. மேஜைக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கூட இல்ல, இசக்கிமணி. ஒண்ணு கூட. எதையோ வச்சு சுரண்டிருக்காங்க. பாறையில கீறல் கெடக்கு."

இசக்கிமணி தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

"மீன் கடைக்காரங்க யாராவது வந்திருப்பாங்களோ? அந்த வாட்ச்மேன் உள்ள விட்டுருப்பாரோ?"

அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அதைக்கூட அவர் செய்யவில்லை.

"இருக்கும் மேடம். இவங்களுக்கு ஒரு குவார்ட்டர் வாங்கிக் குடுத்தா போதும், என்ன வேணாலும் செய்வாங்க."

ஆனந்தவள்ளி தோட்டத்தின் சொந்தக்காரருக்கு போன் போட்டார். அந்த வாரமே பலவேசத்துக்கு வேலை போனது.

ஆகஸ்ட் கடைசியில் லாட்ஜ் கேட்டுக்கு ஆள் தேவைப்பட்டது. முதலாளி ஒருவரைக் கூட்டிவந்து, "இவர்தான் புது செக்யூரிட்டி" என்றார். காக்கிச் சட்டையில் பலவேசம் நின்றார். "சாரத் தெரியுமே. மேடம்கூட தோட்டத்துக்கு வந்தீங்கல்லா" என்று சிரித்தார். இசக்கிமணி சாவிப் பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் பின்பக்கமாக, சமையல்கட்டு வழியாக வேலைக்கு வர ஆரம்பித்தார். வீட்டில் தொட்டிக்கு மேல் பழைய வேட்டியைப் போர்த்தினார். ஏன் என்று கேட்ட தங்கபுஷ்பத்திடம் வெளிச்சம் ஆகாது என்றார்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், வரவேற்பு மேஜைக்கு எதிரே, ரூம் எடுத்திருந்த ஒருவர் பலவேசத்திடம் பாட்டில் வாங்கி வரச் சொன்னார். பலவேசம் தலையை ஆட்டினார். "வேற ஆளப் பாருங்க சார். நான் அந்தக் கடை வாசல மிதிச்சதே இல்ல." அந்த ஆள் போன பிறகு, மேஜையில் இருந்த இசக்கிமணியிடம் திரும்பினார்.

"குடிச்சிட்டு செடிய வித்துட்டேன்னு சொல்லித்தான் சார் என்னய வெளிய அனுப்புனாங்க. புளியங்குடியில மகளக் கெட்டிக் குடுத்த வீடு வரைக்கும் பேச்சு போயிருச்சு. 'ஒங்க அப்பன் குடிகாரன்'னு மாமியார் சொல்லுதாளாம். புள்ள போன்ல அழுவுது."

இசக்கிமணி சொல்லிவிட்டார்.

"அண்ணாச்சி, அத எடுத்தது நான்தான். ஒங்க மேல பழியப் போட்டதும் நான்தான்."

பலவேசம் கை ஓங்குவார் என்று எதிர்பார்த்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: "இத எங்க சம்மந்தி வீட்டுல வந்து சொல்லுவீங்களா?"

அன்று சாயங்காலமே இசக்கிமணி ஆனந்தவள்ளிக்கும் போன் செய்து சொன்னார். லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை "மேடம்" என்றார். "கேக்குது" என்றார் அவர். சனிக்கிழமை வீட்டுக்கே வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. வேட்டியை விலக்கி ஏழு கொத்தையும் பார்த்தார்.

"மத்ததெல்லாம்?"

"கரைஞ்சு போச்சு மேடம். செத்துப்போச்சுன்னு தூரப் போட்டுட்டேன்."

"சாகல. மேல இருக்குறதத் தண்ணிக்குள்ள போட்டா பழைய இலை கரையத்தான் செய்யும். கிழங்குல இருந்து தண்ணி இலை புதுசா வரும். ஒரு மாசம் பொறுத்திருந்தா வந்திருக்கும்." குரல் உயரவே இல்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

கொத்துகளை ஈரத்துணியில் சுற்றி டப்பாவில் வைத்தார். பாறையில் கட்டி வைக்கக் கூட வரட்டுமா என்று இசக்கிமணி கேட்டார்.

"நீங்க வர வேண்டாம்."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற தங்கபுஷ்பம், அவர் போன பிறகு மோட்டாரின் வயரைப் பிடுங்கினார். "எங்கிட்டயும் வெளிச்சம் ஆகாதுன்னீய" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இசக்கிமணியும் பலவேசமும் புளியங்குடிக்குப் போனார்கள். எலுமிச்சை மூட்டைகள் அடுக்கிய வீடு அது. சம்மந்தியும் அவர் மனைவியும் இரண்டு பங்காளிகளும் இருந்தார்கள். பலவேசத்தின் மகள் கதவோரம் நின்றாள். இசக்கிமணி நின்றபடியே சொன்னார். ஸ்க்ரூடிரைவரையும் சொன்னார், குவார்ட்டரையும் சொன்னார். ஒரு பங்காளி, "ஒரு செடிக்கா இவ்வளவு?" என்று சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. "படிச்ச ஆளு மாதிரி இருக்கீரு. ஒரு மனுசன் சோத்துல மண்ணப் போட்டுட்டு எப்படித்தான் ஒறங்குனீரு?" என்றார். கொடுத்த காப்பி ஆறிப்போனது. கிளம்பும்போது மாமியார் மருமகளைப் பார்த்து, "அப்பாவுக்கு இலை போடு" என்றார். பலவேசம் சாப்பிட இருந்துகொண்டார். இசக்கிமணி தனியாக பஸ் ஏறினார்.

தோட்டத்தின் சொந்தக்காரரையும் போய்ப் பார்த்தார். வேறு ஆள் போட்டாயிற்று, இனி மாற்ற முடியாது என்றுவிட்டார். பலவேசம் இப்போதும் லாட்ஜ் கேட்டில்தான் இருக்கிறார். இசக்கிமணி முன்வாசல் வழியாகவே வருகிறார். வணக்கம் சொல்கிறார். சில நாள் பதில் வரும், சில நாள் வராது.

ஜனவரியில் ஆனந்தவள்ளியிடமிருந்து ஒரு படம் வந்தது. ஏழில் மூன்று கொத்து பாறையில் நூல் கட்டியபடி, ஒன்றில் நீர்மட்டத்துக்குக் கீழே நெளிநெளியாக ஒரு புது இலை. எழுத்து ஒன்றும் இல்லை. இசக்கிமணி 'நன்றி மேடம்' என்று அடித்தார். அந்த வார்த்தையைச் சொல்லத் தனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. அழித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார்.