காரப்பொடி வாங்கக் கோவளம் போனேன்

வடக்குப்பட்டிலிருந்து கோவளம் போய்வர ஒரு பகல் போதும். நான் போனது எண்பத்திரண்டு மாசியில். கடல் பார்க்க இல்லை, காரப்பொடி வாங்க. உள்ளங்கையளவு முள்மீனுக்கு மூன்று பஸ் மாறிப் போவாளா ஒருத்தி என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரர் பேச்சைக் காப்பாற்றத்தான் போனேன்.

அவர் வாலிபத்தில் இரண்டு வருஷம் கோவளத்தில் வலை இழுத்தவர். இருட்டில் காரப்பொடி வயிறு நீலமாக எரியும் என்று ஊரில் சொல்லி, 'கரண்ட்டு' என்று பெயர் வாங்கினார். "மண்ணெண்ணெ தீந்துபோச்சி, உன் மீனக் கொண்டாய்யா" என்று நானும் கிண்டல் செய்வேன். அவரும் சிரிப்பார். ஆனால் தை மாதம் ஒரு வரப்புத் தகராறில் சாட்சி சொல்ல எழுந்தவரை, "லைட்டு மீனு பாத்தவன் சாட்சியா? குந்துப்பா" என்று உட்காரவைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவர் டீக்கடைப் பக்கமே போகவில்லை.

விடியற்காலை முதல் பஸ்ஸில் படப்பை வழியாகத் தாம்பரம். அங்கிருந்து கேளம்பாக்கம், அப்புறம் கோவளம். மூன்றரை மணி நேரம். போக மட்டும் மூன்று ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. தாம்பரத்தில் ஏறியதும் கண்டக்டர், "இன்னாக்கா, காலிக் கூடையோட கெளம்பிட்ட?" என்றார்.

"திரும்பி வரசொல்லோ உள்ள வெளக்கு எரியும். அந்த வெளிச்சத்துல சில்லறைய ஒழுங்கா எண்ணிக் குடு."

பஸ்ஸே சிரித்தது.

கரையில் மீன்காரி ஒருத்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். "இத்த பாக்கவா அம்மாந்தூரத்துலேந்து வந்த?" என்று வலை போட்டுவைக்கும் குடிசைக்குள் இழுத்துப்போய்ப் படலைச் சாத்தினாள். கண் பழகக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு பார்த்தேன். கூடைக்குள் நிலா வெளிச்சத்தைக் கிள்ளிப் போட்டதுபோல, நீலமும் பச்சையுமாக. இத்தனை வருஷமாக அவரைக் கிண்டல் செய்த அதே வாயால் விலை பேசி, என் கூடை நிறைய வாங்கிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு வீடு வந்தேன். கூடையை இறக்கிவைத்துவிட்டு டீக்கடைக்குப் போய், அன்றைக்கு அவரைக் குந்தச் சொன்ன நாலு பேரையும் கூட்டிவந்தேன். அதற்குள் என் ஓர்ப்படி சரோஜா, "அலுத்து வந்திருக்கியேன்னு மீன ஆஞ்சி, ஏழு தண்ணி அலசி, மஞ்சா தடவி வெச்சிட்டேங்க்கா" என்றாள். கடலுக்குத் தூரத்து ஊர் எங்களுடையது. மீன் வந்தால் முதல் வேலை அதுதான். அவளை எப்படித் திட்டுவது?

நெல் மூட்டை அடுக்கும் அறையில் நாலு பேரும் நுழைந்து கதவைச் சாத்தினார்கள். இருட்டு. மஞ்சள் வாசனை.

"இன்னிக்கு கரண்ட்டு கட்டு போல கீது."

சிரிப்பில் கூரை பறந்தது. "என் கண்ணால பாத்தேன்!" என்று கத்தினேன். "புருஷனுக்குப் பொண்டாட்டி சாட்சியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பிற்பாடு மீன்துறையில் வேலை பார்க்கும் ஒருவர் விவரம் சொன்னார். வெளிச்சம் மீனுடையது இல்லையாம். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதன் தொண்டையைச் சுற்றி ஒரு பையில் குடியிருக்கின்றனவாம். எரிவது அவைதான். மீன் அவற்றுக்குச் சோறு போடும், அவை மீனுக்கு விளக்குப் பிடிக்கும். குடலோடு பையைப் பிடுங்கினால் போச்சு. நல்ல தண்ணீர் பட்டாலும் அவை பிழைக்காது. ஆகவே, போகிறவர்கள் மூடி போட்ட தூக்கில் கடல்தண்ணீரோடு வாங்கிவாருங்கள். ஆயாதீர்கள், அலசாதீர்கள். அன்றைக்கே இருட்டில் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவு தெரிந்தும் நான் மறுபடி போகவில்லை. மீன் வாங்கிவந்த அன்று சாயங்காலமே, குழம்பை ஊற்றிக்கொண்டே அவரிடம், "நெஜமாவே பாத்தேன்யா. நீ சொன்னா மாரியே நீலமா எரிஞ்சிது" என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்தபடி, நிமிராமல் சொன்னார்: "எனுக்காவ நீயும் பொய் சொல்லாத மே."