ரோஸ்லின் டீச்சர் சேர்த்துக்கொண்ட பிள்ளை

டீச்சர் இறந்த செய்தி வந்தபோது நான் வேன் டயருக்குப் பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டு, கடைக்காரரை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்து ஆயாம்மா போன் செய்து, "பாய், நம்ம ரோஸ்லின் டீச்சர் இறந்துட்டாவ" என்றார். நான் ஊரையே கேலி செய்கிறவன். பதிலுக்கு என்னைச் சீண்டுகிறார் என்று நினைத்து, "சாவ வச்சு வெளாடாதீங்க, வாய் அழுகிரும்" என்று திட்டிவிட்டேன். அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. மறுநாள் செட்டியார்பட்டியில் அடக்கம். உங்களில் பலரை அங்கே பார்த்தேன்.

டீச்சரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ராஜபாளையத்தில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான நம் பள்ளிக்கூடத்தில் அட்மிஷன் அவர் பொறுப்பு. எந்தப் பிள்ளையை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று முடிவு செய்வதும் அவர்தான். நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பிள்ளைகளை வேனில் ஏற்றி வருகிறவன். என் மகன் அன்சாரும் அங்கேதான் படிக்கிறான். அஞ்சலி மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னது பெற்றோர் சங்கம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத உட்கார்ந்தால் நல்ல வார்த்தைக்கு முன்னால் கோபம்தான் வருகிறது. அதையும் சேர்த்தே போட்டுக்கொள்ளுங்கள்.

அன்சாரைச் சேர்க்கக் கூட்டிப்போன நாளை மறக்க மாட்டேன். அதற்கு முன் போன பள்ளிக்கூடங்களில் ஒரு கேள்வி கேட்டார்கள், பதில் வரவில்லை என்றதும் கதவைக் காட்டினார்கள். அதனால் பஸ்ஸில் வழியெல்லாம் அவனுக்குக் கலர் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்தேன். டீச்சரோ ஒன்றுமே கேட்கவில்லை. சும்மா அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "கேளுங்க டீச்சர், கலரெல்லாம் டாண் டாண்ணு சொல்லுவான்" என்றேன். டீச்சர் என் வெள்ளைச் சட்டையைக் காட்டி, "அத்தா சட்ட என்ன கலருப்பா?" என்றார். அன்சார், "செவப்பு" என்றான்.

"வெயில்ல வந்தோம்லா டீச்சர், எனக்கே அப்படித்தான் தெரியுது" என்றேன்.

டீச்சர் சிரிக்காமல் சொன்னார்: "ஒங்களுக்கு இங்க எடமில்ல பாய். பயலுக்கு உண்டு."

பிறகு அவனைச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார். மீசை முளைக்கப் போகிறவனைக் குழந்தைகளோடு போட்டால் எனக்குக் கேவலமாக இருக்காதா? கேட்டேன். "அவன் வயசு அவனுக்கு உறுத்தல பாய், ஒங்களுக்குத்தான் உறுத்துது" என்றார். என் வாயை மூடியவர்கள் இந்த ஊரில் ரொம்பக் குறைவு. அன்சார் இப்போது தானாகச் சட்டைப் பொத்தான் போடுவான். கலர் மட்டும் இன்னும் தகராறுதான்.

ஒருமுறை நன்கொடை தருகிறவர்கள் வருகிறார்கள் என்று பள்ளிக்கூடமே வெள்ளையடித்துத் தயாரானது. எச்சில் ஒழுகுகிற பிள்ளைகள், கத்துகிற பிள்ளைகள் அன்று வரவேண்டாம், லீவு என்று சொல்லிவிடுங்கள் என்றார் தாளாளர். வேன்காரன் என்பதால் என்னையும் கூப்பிட்டு வைத்துத்தான் சொன்னார். டீச்சர், "சார், அவங்களப் பாக்க முடியாதவங்களுக்கு லீவு குடுங்க. பிள்ளைக வருவாங்க" என்றார். என் பக்கம் திரும்பி, "பாய், ஒரு ஆள் கொறஞ்சாலும் வேன உள்ள விடமாட்டேன்" என்றார். ஒருவரும் குறையவில்லை. தாளாளர் அதை மனதில் வைத்துக்கொண்டார்.

இனி பேச்சியின் கதை. செண்பகத்தோப்பில் மாந்தோப்புக் காவல் பார்க்கும் ஒரு அம்மாவின் மகள். ஒன்பது வயது. பேச்சு கிடையாது, பாத்ரூம் சொல்லத் தெரியாது. கோடை லீவுக்கு முன்னால் டீச்சரை நான்தான் வேனில் அங்கே கூட்டிப்போனேன். "இவளுக்கு ஒண்ணும் வெளங்காது டீச்சர்" என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். டீச்சர் வழக்கம்போலப் பிள்ளைக்குப் பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்தார். செத்த நேரம் கழித்துப் பேச்சி கையை நீட்டி டீச்சரின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். அம்மா அடிக்கக் கை ஓங்கினார்.

"விடும்மா. எம்புட்டு யோசிச்சு எடுத்திருக்கா. பள்ளிக்கூடம் தொறந்ததும் கூட்டிட்டு வா, நான் சேத்துக்கிடுதேன்" என்றார் டீச்சர். திரும்பி வருகிற வழியில், எந்த வகுப்பு என்பதையும் என்னிடம் சொன்னார். ஜன்னல் பக்கம் இருக்கிற சின்ன வகுப்பு.

பள்ளிக்கூடம் திறக்கும்போது டீச்சர் இல்லை. நான் பேச்சியையும் அவள் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனேன். கேட்டில் டீச்சர் படம் போட்ட பெரிய ஃபிளெக்ஸ். 'உங்கள் வழியில் நடப்போம்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழேயே நிற்க வைத்துத் தாளாளர் பேசினார்.

"இந்த லெவலுக்கு இங்க கிளாஸ் இல்லம்மா. வேற எடம் பாருங்க."

"அய்யா, டீச்சரு சேத்துக்கிடுதேன்னு சொன்னாவளே" என்றார் அந்த அம்மா.

"டீச்சர் சொன்னது டீச்சரோட போச்சு" என்றார் தாளாளர்.

என்னிடம் எப்போதும் ஒரு கேலி கையிருப்பு இருக்கும். அன்றைக்கு ஒன்றும் இல்லை. எப்படி வாய் வருகிறது ஒரு மனுசனுக்கு? இருந்தவரைக்கும் அவரைச் சகிக்கவில்லை. போனதும் படத்துக்கு மாலை, ஹாலுக்கு அவர் பெயர். அவர் சேர்த்துக்கொண்ட பிள்ளைக்கு மட்டும் கதவு கிடையாது. அந்தப் படத்தைக் கிழிக்கக் கை வந்தது. டீச்சர் முகம் ஆச்சே என்று விட்டேன்.

அன்றிலிருந்து பேச்சியைத் தினமும் கூட்டிப்போகிறேன். மற்றப் பிள்ளைகளோடு அவளும் இறங்குகிறாள். திருப்பி அனுப்புகிறார்கள். மறுநாள் மறுபடியும் இறங்குகிறாள். "வேன் ஓட்டுறத நிறுத்திருவோம் பாய்" என்று மிரட்டியும் பார்த்தார்கள். நிறுத்தட்டும். நான் தோப்புக்குக் காவல் போகிறேன்.

நானெல்லாம் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டு நழுவிப் போகிறவன். கோபத்தில் நிலைத்து நிற்கத் தெரியாது. அப்படி நிற்க டீச்சருக்குத்தான் தெரியும். அவர் விட்டுப்போன சாமானில் எனக்கென்று எதையும் கேட்கவில்லை. அந்தக் கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். பேச்சி அவர் கண்ணாடியை எடுத்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள், கேட்காமலே எடுத்ததுதான்.

வருகிற திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் நினைவேந்தல் கூட்டம். என்னையும் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், சிரிக்க வைப்பேன் என்று. பேச்சியையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டுதான் மேடை ஏறுவேன். நீங்களும் மாலை வாங்காமல் உங்கள் பிள்ளைகளோடு வாருங்கள். பேச்சிக்கு எந்த வகுப்பு என்று ஒரே ஒரு கேள்வி கேட்பேன். பதில் வரும்வரை மைக்கைக் கொடுக்க மாட்டேன்.