தொடாத கை

வக்கீல் ஆவதற்கு முன்பு சேலத்தில் ஒரு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் நர்ஸாக இருந்தேன். மாவுக்கட்டுப் போட்டு வருகிறவர்களின் விரல்களைத் தொட்டுப் பார்ப்பது அங்கே அன்றாட வேலை. விரல் சில்லிட்டிருந்தாலோ, லேசாக நீட்டிவிட்டதற்கே நோயாளி கத்தினாலோ, உள்ளே வீக்கம் ரத்த ஓட்டத்தை நெரிக்கிறது என்று அர்த்தம். கட்டை உடனே பிளந்துவிட வேண்டும்.

பிறகு சட்டம் படித்து, மருத்துவ அலட்சிய வழக்குகளை மட்டும் எடுத்து நடத்தத் தொடங்கினேன். அப்படி ஒரு நாள் மல்லசமுத்திரம் பக்கமிருந்து விசைத்தறி ஓட்டும் பெண் ஒருவர் வந்தார். வழுக்கி விழுந்து வலது முன்கை முறிந்திருக்கிறது. கட்டைப் பிரித்தபோது விரல்கள் உள்நோக்கி மடங்கி இறுகிப் போயிருந்தன. அறுந்த நூலை முடிய இனி அந்தக் கையால் ஆகாது.

"காசு வந்தா வரட்டுங்க," என்றார். "கட்டோட தறிக்குப் போயி நானே கையக் கெடுத்துக்கிட்டேன்னு எங்க மாமியா ஊரெல்லாம் சொல்றாங்க. அது பொய்யின்னு ஆராச்சும் சொல்லோணுங்க."

நாமக்கல் நுகர்வோர் ஆணையத்தில், கட்டுப் போட்ட டாக்டர் தரப்பும் அதையேதான் சொன்னது. டாக்டர் வயதானவர், ஊரில் நல்ல பெயர். குறுக்கு விசாரணைக்கு எழுந்தேன்.

"கட்டுப் போட்ட மறுநாள் வலி தாங்கலைன்னு திரும்ப வந்தாங்களா, டாக்டர்?"

"வந்தாங்க. மாத்திரை கொடுத்தேன்."

"விரலைத் தொட்டுப் பார்த்தீங்களா?"

அவருடைய வக்கீல் எழுந்து, "எல்லா டாக்டரும் பார்க்கறதுதான்," என்றார்.

"நான் கேட்டது எல்லா டாக்டரையும் இல்லைங்க. இவரை."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணைப் பார்த்தார். தொட்டுப் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதை மறுக்க அந்தப் பெண்ணின் சொல்லைத் தவிர எங்களிடம் எதுவும் இல்லை.

"இல்லைம்மா. அன்னைக்கு ஒரே கூட்டம். அவங்க கைய நான் தொடவே இல்லை."

அவர்மேல் எனக்கு அந்த நிமிடம் மரியாதைதான் வந்தது. வேறு கேள்வி இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. இழப்பீடும் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். போனில் சொன்னதும் அந்தப் பெண் அழுதார். பிறகு, "நீங்களே எங்கூட்டுக்கு வந்து படிச்சுக் காட்டோணுங்க, வக்கீலம்மா," என்றார்.

போனேன். பக்கத்துப் பட்டறையில் தறியை நிறுத்திவிட்டு நாலைந்து பேர் வந்து நின்றார்கள். மனுதாரர்மீது எந்தத் தவறும் இல்லை என்ற வரியைப் படித்தபோது, சுவரோரம் உட்கார்ந்திருந்த மாமியார் தலையை நிமிர்த்தினார்.

"இன்னொருக்கா படி சாமி."

படித்தேன். அவர் எழுந்து, பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து, "கேட்டுக்கிட்டயா? எம்மருமவ மேல ஒரு குத்தமும் இல்லையாமா!" என்றார், ஏதோ ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் சொல்லி வந்தவர்போல. மருமகள் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

எனக்கு வந்த பெருமையை நான் மறைக்கவில்லை. அவர்கள் கொடுத்த காபியை இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.