கண்ணீர் மாளிகையில் அப்பாவின் பிடரி

நான் பீலெஃபெல்டில் பிறந்தவன். பீலெஃபெல்ட் என்றொரு ஊரே கிடையாது என்பது ஜேர்மன்காரர் எல்லாருக்கும் தெரிந்த பழைய பகிடி. ஆகவே இது இல்லாத ஊரிலிருந்து இருக்கிற ஊருக்குப் போன பயணம். ஒருமுறை, "ஊரே இல்லாததால் பள்ளிக்கு வர முடியவில்லை" என்று விடுப்புக் கடிதம் கொடுத்தேன். அடியில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. கள்ளக் கையெழுத்து என்று ஆசிரியை வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார். கள்ளம் இல்லை. அப்பா சிரித்துச் சிரித்துத் தானே போட்டுத் தந்தது.

அந்த அப்பா இந்த மாசி மாதம் போய்விட்டார். வேலைக்குப் போக சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவர். ஒரு கால் போட்டபடி.

கொள்ளி வைத்தவன் நான். தலையையும் மழித்தார்கள். அடுத்த கிழமை பள்ளிக்குப் போனபோது என் தலையில் ஒரு மயிரும் இல்லை, கையில் இரண்டு வேலை இருந்தது. ஒன்று டொய்ச் மொழிப் பாடத்துக்கான கட்டுரை: "இலக்கியம் தன் காலத்தின் கண்ணாடி, ஐரோப்பிய எழுத்திலிருந்து காட்டுக." பதினேழு வயதில் கண்ணாடி எதற்கு உதவும் என்று எனக்குத் தெரியும், அதுவும் மயிர் இருந்தால்தான். மற்றது வீட்டில் தந்தது. எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அவருடைய வாழ்க்கை வரலாற்றைச் சிறு புத்தகமாக அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்போம். கல்வெட்டு என்பார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நான் முதலாவதாக வந்த பாவத்துக்கு அதை எழுதும் பொறுப்பு என் தலையில், அதாவது மொட்டையில், விழுந்தது.

சிக்கல் ஒரே ஒரு பத்தியில் வந்தது. அப்பா ஜேர்மனிக்கு வந்த நாள்.

எண்பத்தைந்தாம் ஆண்டு அப்பாவும் நண்பர் குணம் மாமாவும் கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, பிரீட்ரிஷ்ஸ்ட்ராஸ ரயில் நிலையத்தால் மேற்கு பேர்லினுக்குள் வந்தவர்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் பலர் வந்த வழி அது. அப்பா எல்லாக் கலியாண வீட்டிலும் சொல்லும் கதை இது: கடவுச்சீட்டு பார்க்கும் கூண்டுக்குள் நிற்கிறார். கண்ணாடித் தட்டிக்கு அந்தப் பக்கம் ஆபிசர். ஆபிசரின் தொப்பிக்கு மேல் இன்னொரு மனிதனின் பிடரி தெரிகிறது. இரட்டைச் சுழி உள்ள பிடரி. "ஆரடா இவன், ஆபிசருக்கு மேல ஏறி நிக்கிறான் எண்டு பார்த்தால், அது நான்!" சபை சிரிக்கும். பிறகுதான் சாப்பாடு.

இதைக் கல்வெட்டில் போடக்கூடாது என்றார் லண்டன் பெரியப்பா. "பகிடிக்கதை போடுற இடமே அது? '1985இல் புலம்பெயர்ந்தார்' எண்டு ஒரு வரி போதும். அங்க முகம் பார்க்கிற கண்ணாடி ஒண்டும் இல்லை. அவன்ர வாய்க்கு வந்தது." போட வேண்டும் என்றேன் நான். அம்மாதான் தீர்ப்புச் சொன்னார்: "உண்மையெண்டால் போடு. பகிடியெண்டால் வேண்டாம். செத்த மனுசனைப் பார்த்துச் சனம் சிரிக்க வேண்டாம்." அச்சகத்துக்குத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். நான் சனிக்கிழமை ரயில் ஏறினேன்.

கூகிளில் தேடியிருக்கலாமே என்பீர்கள். அப்பா சொன்னது பொய் என்று ஒரு திரை எனக்குச் சொல்வதை நான் விரும்பவில்லை. தெரிந்தால் நின்ற நிலையில் தெரியட்டும்.

இனிப் பயண விபரம். ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர். விரைவு ரயிலில் மூன்று மணித்தியாலத்துக்குள் போகலாம். என்னிடம் இருந்தது நாடு முழுக்கச் செல்லும் மாதச் சீட்டு. அதற்கு உள்ளூர் ரயில்கள் மட்டும்தான், ஆனால் மேலதிகச் செலவு பூச்சியம். காலை ஆறரைக்குப் புறப்பட்டு, பிரவுன்ஷ்வைக்கிலும் மக்டபூர்க்கிலும் மாறி, பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். ரயில் நின்று நின்று போனது. பிரவுன்ஷ்வைக் வரை நானும் நின்று நின்றே போனேன். இரண்டு தடவை மேடை மாறினேன், மனம் மாறவில்லை.

வழி முழுக்கக் கட்டுரைக்காக நூலகத்தில் எடுத்த கதைகளை வாசித்தேன். பழைய நூற்றாண்டுத் தடித்த நாவல்களில் ஒரு மேசையை மூன்று பக்கத்துக்கு வர்ணிக்கிறார்கள். எந்த மரம், எந்தப் பாட்டன் வாங்கியது, யார் எந்தக் கதிரையில் இருக்கலாம் என்று. முன்பு எனக்கு அலுப்பாக இருந்தது. அந்த மேசை என்றைக்கும் இருக்கும் என்று நம்பிய சனம் எழுதியது அது என்று ரயிலில்தான் விளங்கியது. போர் முடிந்தபின் எழுதிய கதைகளில் மேசையே இல்லை. வீடு இடிந்துவிட்டது, வசனமும் சுருங்கிவிட்டது. ஒருவன் பசியில் பாண் வெட்டுகிறான், அவ்வளவுதான் கதை. நாடு இரண்டான காலத்துக் கதைகளில் மேசை திரும்பி வந்துவிட்டது, ஆனால் அதில் ஒரு கதிரை வெறுமையாக இருக்கிறது. மேற்கில் எழுதியவர்கள் பேர்லின் மதிலை நேராகச் சொல்கிறார்கள். கிழக்கில் எழுதியவர்கள் காலநிலையைப் பற்றிப் பேசுகிறார்கள், மேற்கிலிருந்து தங்கை அனுப்பிய கோப்பிப் பொட்டலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். மதில் என்ற சொல்லைக் காணோம். பயந்தவன் எப்படி எழுதுவான் என்று அந்தப் பக்கங்கள் காட்டின.

எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும் கல்வெட்டுகளையும் நினைத்துப் பார்த்தேன். பழையதில் பாட்டும் பதவியும். பிறகு, போர்க்காலத்தில் வந்தவற்றில் எப்படி இறந்தார் என்ற வரியைக் காணவில்லை. அதற்கும் பிறகு, பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் ஜேர்மனி, கனடா, லண்டன் என்று ஒரு வரிசை. சரித்திரப் பாடம் முழுவதும் அந்த வரிசையில் இருக்கிறது.

ஹெல்ம்ஸ்டெட் தாண்டினால் முன்பு இரண்டு ஜேர்மனிக்கும் எல்லை. இப்போது வயலும் காற்றாலையும். பக்கத்து ஆசனத்தில் இருந்த ஒரு ஜேர்மன் மாமி அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்தார். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பிரீட்ரிஷ்ஸ்ட்ராஸவில் இறங்கியபோது என் கைத்தொலைபேசி செத்துவிட்டது. படம் எடுக்க நல்லது என்று அம்மா அப்பாவின் தொலைபேசியையும் தந்துவிட்டிருந்தார். பேர்லினிலேயே இருக்கும் குணம் மாமா நிலையத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்; யோசிக்காமல் அதில் அவரை அழைத்தேன். மேடையின் மறு அந்தத்தில் சாம்பல் நிற ஜாக்கெட்டோடு மாமா நிற்பது தெரிந்தது. பையிலிருந்து எடுத்தார். திரையைப் பார்த்தார். அப்படியே மேடை வாங்கில் குந்திவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடினேன். "மாமா, நான்தான். என்ர ஃபோன்ல சார்ஜ் இல்லை. சொறி மாமா."

மாமா நிமிரவில்லை. "விசரா. ஒரு செக்கன் நினைச்சன்ரா, இவன் எங்களை எல்லாம் பேய்க்காட்டிப்போட்டு எங்கயோ ஒளிச்சு நிண்டு ஃபோன் அடிக்கிறான் எண்டு." பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "செய்யக்கூடிய ஆள்தானே," என்றார்.

குணம் மாமா பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. மாலை ஐந்துக்கு வேலை தொடங்கும். அதனால் நேரே இடத்துக்குப் போனோம். நிலையத்துக்கு வெளியே, ஆற்றங்கரைப் பக்கம், இரண்டு நிமிட நடை. முழுக்கக் கண்ணாடிச் சுவர். பெயர் ட்ரேனன்பலாஸ்ட், கண்ணீர் மாளிகை. கிழக்கிலிருந்து மேற்குக்குப் போகிறவர்களை வழியனுப்ப வந்த சனம் இதன் வாசலில்தான் அழுதது. அதற்கு மேல் அவர்களுக்கு அனுமதி இல்லை.

"மாமா, அந்தக் கண்ணாடி இருந்ததோ?"

"எனக்கு ஆபிசற்றை தொப்பிதான் ஞாபகம். கண்ணாடி எண்டு ஒண்டும் தெரியாது. கொப்பர் சொன்னதில பாதி கழிக்க வேணும். மற்றப் பாதியை ஆறவிட்டுக் குடிக்க வேணும்."

"வாங்கோவன், உள்ளுக்குப் போய்ப் பார்ப்பம்."

"நீ போட்டு வா. நாப்பது வருசமா இதாலதான் போறன், வாறன். ட்ரெயின்ல இருந்து பார்த்தது காணும். உள்ளுக்கு எனக்கு ஏலாது."

தனியாகப் போனேன். நுழைவு இலவசம். பெட்டிகள், பிரியும் சோடிகளின் படங்கள், வழியனுப்பியவர்களின் குரல்கள். எல்லாவற்றுக்கும் பின்னால், அகற்றாமல் விட்ட ஒரு கூண்டு. மங்கிய பழுப்பு நிறம். ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய ஒடுக்கம். ஒரு பக்கம் கதவு, மறுபக்கம் கதவு, நடுவில் ஆபிசரின் கண்ணாடித் தட்டி. உள்ளே நின்று தலையைப் பின்னால் சாய்த்து அண்ணாந்து பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால், மேலே, சாய்த்துப் பூட்டிய ஒரு கண்ணாடி!

திரும்பினேன். அதில் தெரிந்தது என் நெற்றி. என் மூக்கு. பிடரி இல்லை. எப்படி இருக்கும், முகத்தைக் காட்டினால் கண்ணாடி முகத்தைத்தானே திருப்பித் தரும்? கண்ணாடி உண்மை, கதை பொய். பெரியப்பா பாதி வென்றுவிட்டார். கூண்டுக்கு வெளியே ஒரு ஜேர்மன் குடும்பம் என்னை விலகச் சொல்லிக் காத்து நின்றது. அழுகிற இடத்தில் அழாமல் நிற்பது எவ்வளவு கரைச்சல் என்று அன்றைக்குக் கண்டேன்.

போவதற்கு முன், அப்பா நின்ற மாதிரி ஒரு தடவை நிற்போம் என்று ஆபிசரின் பக்கம் திரும்பி நிமிர்ந்து நின்றேன். கதிரை வெறுமை, உள்ளே இருட்டு. அதனால் தட்டி நன்றாகப் பிரதிபலித்தது. அதில் என் முகம். முகத்துக்கு மேலே, ஒரு தொப்பி இருக்க வேண்டிய உயரத்துக்கும் மேலே, பின்கண்ணாடியின் நிழல். அதற்குள் ஒரு பிடரி. இருபது நாள் மயிர். வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக இரண்டு சுழி.

எனக்கு இரட்டைச் சுழி என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். தன் பிடரியை எவன் பார்த்தான்? அப்பாவின் பிடரி எனக்கு நன்றாகத் தெரியும். கார் ஓட்டும்போது பின் ஆசனத்தில் இருந்து பதினேழு வருடம் பார்த்தது. அதுதான் அங்கே நின்றது.

பயந்து நடுங்கி நின்ற இருபத்தொரு வயதுப் பொடியன் அங்கே தன்னைத் தானே பின்னாலிருந்து பார்த்திருக்கிறான். அதை அப்படியே சொல்ல அவனால் முடியவில்லை. பகிடியாக்கிச் சொன்னான். கிழக்கில் எழுதியவர்கள் காலநிலையைப் பற்றி எழுதியது போல. கட்டுரைக்கு எனக்கு விடை கிடைத்துவிட்டது. முகம் பார்க்கிற கண்ணாடி வீட்டிலேயே இருக்கிறது. ஒரு காலம் தானே பார்க்க முடியாத பிடரியைக் காட்டுவதால்தான் கதையைக் கண்ணாடி என்கிறார்கள் போலிருக்கிறது. ஆசிரியை எத்தனை புள்ளி போடுவார் என்று தெரியாது. பரவாயில்லை.

வெளியே வந்தேன். அம்மாவுக்கு எடுத்தேன், இந்த முறை மாமாவின் தொலைபேசியில்.

"அம்மா, கண்ணாடி இருக்கு. தெரியுது. அப்பா சொன்ன மாதிரியே."

அடுப்பை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "ரெண்டு சுழியுமோ?"

"ரெண்டும்."

"பின்ன போடு," என்றார். "நான் லண்டனுக்குச் சொல்லுறன்."

மாமா என்னைத் தோளில் பிடித்துத் திருப்பி, என் தலையின் பின்பக்கத்தைப் பார்த்தார். தொடவில்லை. "அண்டைக்கு வரிசையில நான் கொப்பருக்குப் பின்னால நிண்டனான். எத்தினை மணித்தியாலமோ தெரியாது. நிமிர்ந்து ஒருத்தற்றை முகத்தையும் பார்க்கப் பயம். இவன்ர பிடரியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தன். அது உள்ள போச்சுது, நானும் போனன். அவ்வளவுதான்ரா நான் ஜேர்மனிக்கு வந்தது."

பிறகு சொன்னார்: "நீ முன்னால நட. நான் பின்னால வாறன்."

நிலத்தடி ரயிலுக்குப் படி இறங்கும்போதும், மேரிங்டாமில் மாறும்போதும், கார்ல் மார்க்ஸ் ஸ்ட்ராஸவில் ஏறி வெளியே வரும்போதும் மாமா பக்கத்தில் வரவில்லை. ஒரு எட்டுப் பின்னால் வந்தார். வழக்கமாக இப்படி ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் சட்டென்று நின்று மோதவைப்பேன். அன்று ஒழுங்காக நடந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: திங்களில் மூடியிருக்கும், மற்ற நாட்களில் போங்கள். ஒரு மணித்தியாலம் தாராளம். நொய்கெல்னில் முருகன் கோயில் இருக்கிறது. எனக்கு இன்னும் அப்பாவின் சாவுத் துடக்கு என்பதால் வாசலோடு நின்றேன், நீங்கள் உள்ளே போகலாம். கைத்தொலைபேசியில் சார்ஜ் நிரப்பிக்கொண்டு போங்கள். அந்தக் கூண்டில் பின்னுக்குத் திரும்பிக் கண்ணாடியைப் பார்க்காதீர்கள், ஒன்றும் தெரியாது. ஆபிசரின் வெறும் கதிரையைப் பார்த்து நேராக நில்லுங்கள். முடிந்தால் தனியாகப் போகாதீர்கள். உங்களைத் தெரிந்த ஒருவரைப் பின்னால் வரச்சொல்லுங்கள்.